குடிலுக்குள் வைத்த குரங்குக்குட்டி

பழைய சாகசக் கதைகளில் ராட்சதக் குரங்கும் டைனோசரும் வருமே, அவற்றின் குட்டிப் பொம்மைகளைச் சேர்ப்பதில் எனக்குப் பைத்தியம். போன கிறிஸ்துமஸுக்குக் கோவில்பட்டி வீட்டில் கட்டிய குடிலில், மாடுகளுக்குப் பக்கத்தில் அவற்றையும் பெருமையாக நிறுத்தினேன்.

வந்த உறவினர்கள் குழந்தை இயேசு சுரூபத்தை எடுத்து முத்தமிட்டார்கள். அதைப் பார்த்த எங்கள் ஒன்றரை வயது மகள், விரல்நுனி அளவுக் குரங்குக்குட்டியை எடுத்து முத்தமிட்டாள். அது வாய்க்குள் போய்த் தொண்டையை அடைத்துக்கொண்டது. அழுகைச் சத்தமே இல்லை. உதடு நீலம் பாரித்தது. பதறி விரலை விடப் போனேன்.

"விரல விடாதீய, இன்னும் உள்ள போயிரும்!" என்று மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு முதுகில் ஓங்கித் தட்டினாள். பொம்மை தெறித்து விழுந்தது. மகள் வீறிட்டு அழுதாள்.

"நாம செய்யுததத்தான பிள்ளையும் செஞ்சா" என்றாள் மனைவி.

இப்போது பொம்மைகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. ஆனாலும் மகள் சத்தமில்லாமல் விளையாடினால், ஓடிப்போய் வாயைத் திறந்து பார்க்கிறேன்.