சோஹாரில் ஒரு சுருக்குமடிக்காரன்

வலை பின்னத் தெரிந்தவனை எந்த நாட்டில் கொண்டுபோய் விட்டாலும், யாராவது ஒருவர் வந்து எதையாவது பிடித்துத் தரச் சொல்வார். என் விசாவில் எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறது. ஓமானில், சோஹாருக்கு வெளியே ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் பம்பு செட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவன் நான். பார்த்ததில் பாதி முயல். விசாவில் ஒரு வேலை, தரையில் வேறு வேலை என்று காலம் தள்ளும் சக பாவிகளே, டிரைவர் விசாவில் வந்து ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டுகிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

முயலும் லீவும்

எங்கள் அர்பாப் (முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதற்குச் சந்தையிலிருந்து ஒரு ஜோடி முயல் வாங்கினார்கள். விளையாட்டு அலுத்ததும் தோட்டத்தில் விட்டுவிட்டார்கள். அந்த ஜோடிக்கும் வேறு வேலை இல்லை. கொஞ்ச நாளில் பேரீச்சங்கன்றுகளின் அடியெல்லாம் வளை. நான் மெனக்கெட்டு மாட்டிய சொட்டுநீர்க் குழாய்களில் எல்லாம் பல் தடம். காலையில் ஒட்டுப் போட்டால் சாயங்காலம் வேறு இடத்தில் தண்ணீர் பீய்ச்சும்.

இந்த நேரம் பார்த்து நான் லீவு கேட்டேன். என் தங்கச்சி மலர் மகனுக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மலருக்கு நான் ஒரே அண்ணன். எனக்காகவே தள்ளித் தள்ளிப் போட்டு, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அர்பாப் நல்ல மனுஷர், கடைசிவரை கேட்டார். பிறகு ஒழுகுகிற குழாயைக் காட்டி, இதை யார் ஒட்டுவது என்றார். "முதலில் முயல் போகட்டும். அப்புறம் நீ போ."

ஏசி வாங்கித் தந்தவர்

அர்பாபின் மூத்த மகன் ஹமத், போனில் ஒரு வீடியோ பார்த்தார். வெள்ளைக்காரர்கள் ஃபெரெட் என்ற ஒரு பிராணியை முயல் வளைக்குள் அனுப்புகிறார்கள். அது உள்ளே போனதும் முயல் உயிர் பிழைத்தால் போதும் என்று வெளியே பாய்கிறது. வாசலில் விரித்திருக்கும் வலையில் விழுகிறது. மறு வாரமே ஹமத் ஒரு ஃபெரெட்டோடு வந்து இறங்கினார். கீரிப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. நாற்றம் மட்டும் சொந்தச் சரக்கு.

அதற்குச் சூடு ஆகாதாம். எனவே எங்கள் அறையில் வைத்தார்கள். நானும் ரஃபீக் பாயும் இருக்கும் அறை அது. ரஃபீக் பாய் பாகிஸ்தானில் முல்தான்காரர், டிராக்டர் ஓட்டுகிறவர், ஆறடி ஆள். எங்கள் ஏசி போன கோடையிலிருந்தே வெந்நீர் ஆவி மாதிரிதான் ஊதிக்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை சொல்லிவிட்டோம், இன்ஷா அல்லாஹ் என்று பதில் வரும். ஃபெரெட் வந்த அன்றைக்குச் சாயங்காலமே புது ஏசி சுவரேறியது. ரஃபீக் பாய் கழுத்து வரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூண்டுக்குள் சுருண்டு கிடந்த ஃபெரெட்டையே பார்த்தார். அவர் உருதுவில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "செல்வம் பாய், மெதுவாகப் பேசு. பெரியவர் தூங்குகிறார்."

கடல் புத்தி

வலை வெளிநாட்டிலிருந்து வர நாளாகும் என்றார் ஹமத். நானே பின்னுகிறேன் என்றேன். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன், வாய்க் கொழுப்பு சும்மா விடுமா? பிளாஸ்டிக் வாளியை அறுத்து ஊசி செய்தேன். வலைக் கண் ஒரே அளவில் வருவதற்கு பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு. மீன் வலை பின்னும் மெல்லிய நைலான் நரம்பில் பின்னி, வளை வாசலில் நாலு பக்கமும் ஆணி அடித்து விறைப்பாக இழுத்துக் கட்டினேன். கடலில் வலை என்றால் மிதவையும் ஈயமும் இழுத்துப் பிடிக்க, நிமிர்ந்து நிற்க வேண்டும். கை அப்படியே பழகிவிட்டது.

ஃபெரெட் உள்ளே போயிற்று. முயல் வெளியே வந்தது. வந்த வேகத்தில் வலையில் மோதி, பந்து மாதிரி திரும்பி, வளைக்குள்ளேயே போய்விட்டது. அடுத்தது நரம்பைக் கடித்து அறுத்துவிட்டு நேராகவே நடந்து போனது. ஹமத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரஃபீக் பாய் குனிந்து, என் வலையைக் கையால் தட்டிப் பார்த்தார். அவர் ஊரில் வாசலுக்கு வாசல் கயிற்றுக் கட்டில் கிடக்கும். "கட்டில் நன்றாகப் பின்னியிருக்கிறாய். முயல் படுக்க வருமா என்று மட்டும் கேட்டுச் சொல்."

காதர் பாய் கடையில்

மறுநாள் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அட, இது நம்ம சுருக்குமடி அல்லவா? அந்த வலையின் பேரைச் சொன்னாலே எங்கள் கடற்கரையில் ஊருக்கும் ஊருக்கும் சண்டை வரும். அது கடலையே வளைக்கிற ராட்சசன். இது அதன் பேரப்பிள்ளை, ஒரு கை நீளம்தான். இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம். நடுவில் அகன்று, முனைகளில் குறுகும் வலை. ஓரத்துக் கண்களின் வழியாக ஒரு கயிறு ஓடும். அந்தக் கயிற்றின் நுனியை மட்டும் ஒரு முளையில் கட்டிவிட்டு, வலையைத் தொளதொளவென்று வாசலில் போட்டுவிட வேண்டும். முயல் முட்டினால் கயிறு இழுபடும், பை தானே வாயை மூடிக்கொள்ளும். விறைப்பு கூடவே கூடாது.

சோஹாரில் காதர் பாய் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கீழக்கரைக்காரர். மெத்தென்ற தடிக் கயிறும், திரைச்சீலை மாட்டும் வளையமும் கேட்டேன். என்ன மீனுக்கு என்றார். முயலுக்கு என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நம்ப மாட்டேன் என்கிறாரே என்று கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றைப் பின்னி, அவர் கையை உள்ளே விடச் சொல்லி இழுத்தேன். மணிக்கட்டோடு மூடிக்கொண்டது. ஆணி வாங்க வந்தவர் ஆணியை மறந்துவிட்டு, பால்கனியில் புறா தொல்லை, ஒன்று பின்னித் தர முடியுமா என்று ஆரம்பித்தார். காதர் பாய் கையை விடுவித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, கயிறு நல்ல கயிறுதான். ஆனா முயலு தப்பிச்சுப் போச்சுன்னா, எங்க வாங்குனீங்கன்னு மட்டும் வெளிய சொல்லிராதீங்க."

செருப்பு

பின்னி முடித்த வலைகளை அறையில் தரை முழுக்க விரித்து வைத்திருந்தேன். அர்பாப் பார்க்க வந்தார். செருப்புக் காலை உள்ளே வைக்கப் போன நேரத்தில், "அர்பாப், செருப்பு" என்று கத்திவிட்டேன். வலையைச் செருப்புக் காலால் மிதித்தால் எங்கள் ஊரில் கிழவன் குமரன் யாராக இருந்தாலும் ஏச்சுதான். மிதிபட்ட வலையில் மீன் விழாது என்பது நம்பிக்கை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சம்பளம் கொடுக்கிற மனுஷரிடம் செருப்பைக் கழற்று என்று சொன்னதை ரஃபீக் பாயால் தாங்க முடியவில்லை. எழுந்து பாத்ரூமுக்குள் போய்விட்டார்.

அர்பாப் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓரமாகவே நடந்து, ஒவ்வொரு வலையாகத் தூக்கிப் பார்த்தார். கண்களை விரலால் அளந்தார். சோஹாரும் கடற்கரைதானே, வலை தெரியாத மனுஷர் இல்லை. போகும்போது சொன்னார்: "செருப்பைக் கழற்றிவிட்டேன். இனிமேல் முயல் விழாவிட்டால் குற்றம் என்னுடையது இல்லை."

பழுப்புக் காது

விழுந்தது. முதல் நாளே கூடை நிறைய. வலையில் விழுந்த முயலுக்கு ஒரு கீறல் கூட இல்லை. உயிரோடு எடுத்துக் கூடையில் போடுவேன், ரஃபீக் பாய் பிக்கப்பில் சந்தைக்குக் கொண்டுபோவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மாதமே வந்துவிடுவேன் என்று மலரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் முயல் தீரவில்லை. பிடிக்கப் பிடிக்க இருந்தது. மலர் போன் செய்து, "கோயில்ல தேதி கேக்குறாங்கண்ணே, என்ன சொல்லட்டும்?" என்பாள். இன்னும் ஒரு வாரம் என்பேன். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். ஏசினால் கூடத் தேவலை.

ஒரு காலையில் வலைக்குள் வெள்ளை முயல் ஒன்று, ஒரு காது மட்டும் பழுப்பு. போன வாரம் என் கையாலேயே கூடையில் போட்ட முயல் அது. சந்தையிலிருந்து நடந்தே திரும்பி வர அதற்கு இங்கே என்ன சொத்தா இருக்கிறது? ரஃபீக் பாயைப் பார்த்தேன். அவர் ஃபெரெட்டைப் பார்த்தார். அப்புறம் உண்மை வந்தது. முயல் தீர்ந்தால் ஃபெரெட் பெரிய வீட்டுக்குப் போய்விடும், கூடவே ஏசியையும் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று ஹமத் சொல்லியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோடியைத் தோட்டத்துக் கோடியில் இறக்கிவிட்டுத்தான் மனுஷர் சந்தைக்குப் போயிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கே என் தங்கச்சி ஊராருக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறாள், இங்கே இவர் முயல் விதைத்துக்கொண்டிருக்கிறார். மத்தியானம் அவர் சுட்ட ரொட்டியைத் தொடாமல் பட்டினி கிடந்தேன். அவர் ரொட்டித் தட்டை என் கட்டிலில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன் லீவு ஒரு மாதம், பாய். இந்த ஊர் வெயில் எனக்கு வருஷம் முழுக்க."

பம்பு ரூம்

பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. மீதியைச் சாயங்காலம் வரை வீம்புக்கு வைத்திருந்தேன். நாளெல்லாம் டிராக்டரில் வெந்துவிட்டு வருகிறவர் ராத்திரி தூங்க ஆசைப்படுவது தப்பா? என் மருமகன் காதும் முக்கியம், இவர் தூக்கமும் முக்கியம். யோசித்தேன். மறுநாளிலிருந்து ரஃபீக் பாய்க்கு வலை விரிக்கக் கற்றுக் கொடுத்தேன். எங்கெங்கே ஜோடிகளை விட்டார் என்று அவருக்குத்தானே தெரியும், வரிசையாகக் காட்டிக் கொடுத்தார். கடைசி வளை பம்பு ரூமுக்கு அடியில். வாசல் ஒன்று விடாமல் வலை போட்டு, ஃபெரெட்டை உள்ளே அனுப்பி, இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். அடியில் திடுதிடுவென்று ஓட்டம். ஒன்றன்பின் ஒன்றாக வலைகள் வாய் மூடின. அதற்குப் பிறகு ஒட்டுப் போட எனக்கு ஒரு குழாயும் இல்லை.

அர்பாபிடம் போனேன். முயல் கலாஸ், எல்லாம் தீர்ந்தது என்றேன். ஆனால் பக்கத்துத் தோட்டத்திலும் முயல் இருக்கிறது, அதற்கும் கால் இருக்கிறது, ஃபெரெட் எங்களோடேயே இருப்பதுதான் நல்லது என்றேன். நான் ஊருக்குப் போனாலும் ரஃபீக் பாய் வலை விரிப்பார் என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அர்பாப் தாடியைத் தடவினார். ஹமதைக் கூப்பிட்டு, ஃபெரெட்டையும் ஏசியையும் யாரும் தொடக் கூடாது என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்: "போய் வா. ஆனால் திரும்பி வந்துவிடு. ரஃபீக் போடுகிற முடிச்சை நான் பார்த்திருக்கிறேன்."

மடி

குலதெய்வம் கோயிலில் பந்தல். என் மருமகன் பட்டு வேட்டியில் வந்தான், மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்த பையன். சுற்றிலும் இவன் வயசுப் பிள்ளைகள் காதில் கடுக்கனோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். மடியில் உட்கார்ந்ததும் கால் இரண்டும் தரையில் தட்டின. பத்தர் ஊசியை எடுத்தார். "வலிக்குமா மாமா?" என்றான். வலிக்கும் என்றேன். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றோடு இறுக்கிக்கொண்டான். இவனைப் பிறந்ததிலிருந்து போனில்தான் பார்த்திருக்கிறேன், இந்தச் சூடு போனில் வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பந்தலில் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு காதும் முடிந்து, பையன் அழுது, நான் அதைவிட அழுது, ஒருவழியாக எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவன் மட்டும் மடியைவிட்டு இறங்கவில்லை. எனக்குக் கால் மரத்துவிட்டது. மலர் வந்து எதிரில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். இத்தனை நாளும் போனில் அவள் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே வரியில் சொன்னாள்: "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா, இவன் மடியிலதாண்ணே நீ உக்காந்திருக்கணும்."

முயலைப் பிடிக்க ஒரு கை நீள வலை போதும், லீவைப் பிடிக்கத்தான் அர்பாப், ரஃபீக் பாய், ஃபெரெட் என்று ஊரே மனசு வைக்க வேண்டியிருக்கிறது.