டையாலிசிஸ் அறையில் ஒரு பேய்ப்படம்

1. எழுந்துவிட்ட கவிதா

"போதும் மிஸி. இனிமே நான் வரல."

கவிதா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். மலேசியாவில் குளுவாங் என்ற ஊரில், சிறுநீரகம் கெட்டவர்களின் இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றில் நான் மூத்த தாதியாக இருந்தேன். தாதியை மிஸி என்று கூப்பிடுவதுதான் இங்கே வழக்கம்.

கவிதாவுக்கு முப்பது வயதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. கணவர் சிங்கப்பூரில் வேலை. பள்ளிக்குப் போகும் ஒரு மகள். வாரத்துக்கு மூன்று டேர்ன், ஒவ்வொரு டேர்னுக்கும் நான்கு மணி நேரம், கையில் இரண்டு தடித்த ஊசிகள். வராமல் விட்டால் உடம்பில் நீரும் கழிவும் சேர்ந்து சீக்கிரமே உயிர் போய்விடும். அது தெரிந்துதான் எழுந்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தேவராஜ் அண்ணன் தலையைத் திருப்பினார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

"போறதுன்னா போம்மா. படம் போடப் போறாங்க. ஒரே ஒரு கதை. அத மட்டும் பாத்துட்டுப் போலாம்லா."

"பேய்ப்படமா அங்கிள்?"

"வெள்ளைக்காரப் பேய். ரொம்ப மரியாதையானது."

கவிதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, குத்தட்டுமா?" என்றேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினாள்.

2. பஸ் நிற்கும் நேரத்தில்

அந்தப் படங்கள் மீது தேவராஜ் அண்ணனுக்கு அப்படி என்ன ஆசை என்று நான் கேட்டிருக்கிறேன். இளவயதில் அவர் குளுவாங்கிலிருந்து பத்து பகாட் என்ற ஊருக்கு பஸ் ஓட்டினார். சினிமாக் கொட்டகைக்கு வரும் பிலிம் பெட்டிகள் அவர் பஸ்ஸில்தான் போகும். அதற்குப் பதிலாகக் கொட்டகைக்காரர் அவரைச் சும்மா உள்ளே விட்டுவிடுவார். ஆனால் திரும்பும் டிரிப்புக்கு முன்னால் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். தமிழ்ப் படம் என்றால் அதற்குள் கதாநாயகனுக்குக் கல்யாணம்கூட ஆகாது.

பழைய பிரிட்டிஷ் பேய்ப்படங்கள் மட்டும் அவருக்குச் சரிப்பட்டு வந்தன. ஒரே படத்தில் நாலைந்து குட்டிக் கதைகள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வெளியே ஒரு கதை. ஒரு கதையை முழுசாகப் பார்த்துவிட்டு பஸ் எடுக்கலாம்.

"ஆனா வெளிக்கதையோட முடிவ மட்டும் ஒரு தடவகூடப் பாத்ததில்ல மிஸி. கண்டக்டர் வந்து கத்திருவான்."

அவர் மகன் அந்தப் படங்களில் ஒன்றைத் தேடிப்பிடித்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அண்ணனின் பழக்கப்படியே டேர்னுக்கு ஒரு கதை என்று வைத்தோம். வெளிக்கதை இதுதான்: பனிமூட்டத்தில் ஒரு படகுத்துறை. படகுக்காகக் காத்திருக்கும் ஐந்து பேர். அங்கே இருக்கும் கிழட்டு கிளார்க் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொருவரையும் தன் கதையைச் சொல்லச் சொல்கிறார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வெட்டுப்பட்ட கை ரப்பர் என்று தெரிகிறது. இரத்தம் சாயம் மாதிரி இருக்கிறது. போகப் போக நானும் அடுத்த கதைக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். யாரும் கத்துவதில்லை. கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, தாங்கள் செய்த கொலையை நிதானமாகச் சொல்கிறார்கள். பயம் சொன்ன நேரத்தில் வந்து, சொன்ன நேரத்தில் முடிந்துவிடுகிறது. எங்கள் நோயாளிகளின் பயத்துக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது.

நிலைய மேனேஜர் சுகுமாரனுக்குப் பிடிக்கவில்லை. "அலாமாக், என்ன மிஸி இது, பேஷண்ட்டுக்குப் போய் பேய்ப்படமா? பிபி ஏறினா யார் பதில் சொல்றது?"

"ஏறல சார். கவிதா ஒரு டேர்ன்கூட விடல."

3. கவிதாவின் கேள்வி

நான்காவது கதையில், தம்பியைக் கொன்று சொத்தை எடுத்தவன் பேயாக வந்த தம்பியின் கையாலேயே சாகிறான். படத்தை நிறுத்தியதும் கவிதா கேட்டாள்.

"இதுல தப்பு செஞ்சவனத்தானே பேய் பிடிக்குது அங்கிள். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலம்மா. நானும் செய்யல. அங்கயாவது நியாயம் இருக்கேன்னுதான் பாக்கறேன்" என்றார் அண்ணன்.

4. கடைசிப் பகுதி

மீதிப் படத்தை வீட்டில் முன்கூட்டியே பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. கடைசியில் படகு வருகிறது. "தேநீர் யாருக்காவது நாக்கைச் சுட்டதா?" என்று கிளார்க் கேட்கிறார். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். யாருக்கும் சூடு தெரியவில்லை. அவர்கள் முந்தின படகிலேயே மூழ்கிச் செத்தவர்கள்.

வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் ஆட்களுக்கு இதை எப்படிக் காட்டுவது? அடுத்த டேர்னில் ஐந்தாவது கதை முடிந்ததும் ரிமோட்டை எடுத்தேன். "முடிவு வேண்டாம் அண்ணே. மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இப்ப நீங்களும் கண்டக்டர் ஆயிட்டீங்களா?" அவர் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அந்த மாதம் அவருக்கு இருதயமும் தளர்ந்திருந்தது.

"போடுங்க மிஸி" என்றாள் கவிதா. "நாங்க எங்க உக்காந்திருக்கோம்னு எங்களுக்குத் தெரியாதா?"

போட்டேன். கிளார்க் கேள்வி கேட்டார். ஐந்து பேரும் பனிக்குள் இறங்கிப் போனார்கள். திரை இருண்டது. நான் கவிதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் கையில் ஊசி இறங்கியிருந்த இடத்தைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது.

"அவங்களுக்குச் சூடு தெரியல" என்றாள். "எனக்கு வலிக்குது மிஸி. ஒவ்வொரு தடவையும் வலிக்குது."

"நல்லதும்மா" என்றார் தேவராஜ் அண்ணன்.

அன்றிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. நான் ஊசி போடுவேன், அவள் "வலிக்குது" என்பாள், அவர் "நல்லது" என்பார். சில நேரம் இருவரும் சிரிப்பார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோயாளி எதைத் தாங்குவார் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அவரையே கேளுங்கள். அன்று என்னை ரிமோட்டை எடுக்க வைத்தது என் பயம்தான்.

தேவராஜ் அண்ணன் அந்த வருடம் முடிவதற்குள் போய்விட்டார். அடுத்த டேர்னுக்குக் கவிதா வருவாளா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். காலியாக இருந்த பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஊசியை இறக்கினேன்.

"வலிக்குது" என்று சொல்லிவிட்டு அப்படியே காத்திருந்தாள்.

"நல்லது" என்றேன்.