மூன்று புள்ளி ஏழு கிலோவாட்

'3.7 கிலோவாட்' என்று பொறித்த ஒரு தகரத் தகடு எங்கள் வீட்டில் இன்னும் கிடக்கிறது. மாமனாருடைய பம்புசெட் மோட்டாரில் இருந்தது. என் மகன் பத்திரமாக வைத்திருக்கிறான். நானாக இருந்தால் என்றோ வீசியிருப்பேன்.

நான் ஆமத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில்தான் எங்கள் தோட்டத்துக்குக் கரண்டு வந்தது. கிணறு பொது. காலை முறை மாமனாருக்கு, மதிய முறை அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவிக்கு. எனக்குச் சின்ன மாமியார். பிள்ளை குட்டி இல்லாதவர். அரை ஏக்கர் மிளகாய்தான் அவருக்குச் சோறு. அவருடைய அண்ணன் வேறு கம்பெனி மோட்டார் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதன் தகட்டில் '3700 வாட்' என்று இருந்தது.

மாமனார் அதைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினார். "நமக்கு மூணு சொச்சம், அவளுக்கு மூவாயிரத்துச் சொச்சமா? கிணத்தையே குடிச்சிருவாளே." பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். சின்ன மாமியாருக்கு இனி மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் என்று முடிவானது.

நான் அன்றைக்கே சொன்னேன். "ஆயிரம் கிராம் ஒரு கிலோ மாதிரி, ஆயிரம் வாட் ஒரு கிலோவாட், மாமா. ரெண்டும் ஒரே அளவுதான்."

"பொம்பள கணக்குப் போட்டா கிணறு நெறஞ்சிருமாக்கும்," என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆனாலும் மனதில் உறுத்தியிருக்க வேண்டும். என் கணவரை அழைத்துக்கொண்டு விருதுநகரில் மோட்டார் வாங்கிய கடைக்குப் போய்க் கேட்டார். கடைக்காரரும் ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் என் கணவர், "ஊர்ல சொல்லிருவமாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏலே, சபையில சொன்ன பேச்சு. இப்பம் மாத்துனா எவன் நம்மள மதிப்பான்?"

அதோடு என் கணவர் வாயை மூடிக்கொண்டார். என்னிடம் மட்டும் சொன்னார். ஊருக்குள் போய்ச் சொல்லச் சொல்லி அவரோடு சண்டை போட்டேன். அவர் போகவில்லை. தெரியாமல் செய்ததைக்கூட மன்னித்துவிடலாம். தெரிந்த பிறகும் மாமனார் தினமும் மோட்டாரைப் போட்டுவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, வரப்பில் நிமிர்ந்து நடந்தார். அந்த வீட்டுச் சோற்றைத்தான் நான் தின்றேன்.

சின்ன மாமியாரின் செடிகள் பூவோடு கருகின. எங்களுக்கு நல்ல விளைச்சல். மிளகாய்ப் பழம் பறிக்கக் கூலிக்கு வந்தவர்களில் அவரும் இருந்தார். என் பக்கத்து வரிசையில் குனிந்து பறித்துக்கொண்டே, சண்டைக்காரக் குரல் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்:

"ரெண்டும் ஒண்ணுதான்னு ஒம் மாமனாருக்குத் தெரிஞ்சிருச்சாமே, தாயி?"

"ஆமா, சின்னத்தை," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.