பாங்காக்கில் என்ன இருக்கிறது?

டூர் ஆபீசில் உட்கார்ந்திருப்பவளுக்கு வாய்தான் முதலீடு. கால் எங்கும் போகாது. நகைக்கடையில் நாள் முழுக்க நெக்லஸை எடுத்துக் காட்டிவிட்டு வெறும் கழுத்தோடு வீடு திரும்பும் சகோதரிகளுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஆபீஸ். ஒரே அறை, இரண்டு மேசை. முதலாளி தெலுங்குக்காரர், என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்பார். முன்பெல்லாம் காசி, ஷீரடி என்று பஸ் விட்டுக்கொண்டிருந்தவர், பாங்காக் போக விசா வேண்டாம் என்று ஆனதும் போர்டையே மாற்றிவிட்டார். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் என் மேசைக்கு அனுப்புவார். நான் நகரியில் பிறந்தவள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறிக்கு நூல் சுற்ற உட்கார்ந்தவள். விளம்பரத் தாளைப் படித்தும் போனில் படம் பார்த்தும் அந்த ஊரை மனப்பாடம் செய்தேன்.

முதலாளி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இருபத்தொன்பது பேரைச் சேர்த்தால் முப்பதாவது சீட்டு எனக்கு. ஐந்து நாள், பாங்காக். நம்பினேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

படுத்திருக்கும் புத்தர்

முதலில் வந்தவர்கள் கங்காதர நெல்லூரிலிருந்து ஒரு விவசாயியும் அவர் மனைவியும். மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான், அவன்தான் போய் வாருங்கள் என்று அனுப்பியிருந்தான். நான் படத்தை விரித்து வைத்து, ஒரு கோயில் நீளத்துக்குப் படுத்திருக்கும் தங்க நிறப் புத்தரைக் காட்டினேன். நாற்பத்தாறு மீட்டர் நீளம், உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்த வேலைப்பாடு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கண் விரிந்தது. சரி, இரண்டு சீட்டு என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

பெரியவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, இங்க பெருமாள் நின்னுக்கினே கீறாரு. அவரைப் பாக்கவே நாள் பூரா கியூவுல கால் கடுக்க நிக்கறோம். படுத்துக்கினு கீறவரைப் பாக்க பிளேன்ல வேற போவணுமா?"

மூன்று தடவை போனவர்

பாகாலாவிலிருந்து மூன்று ஆண்கள் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் "ஜென்ட்ஸ் யாரும் இல்லையா மேடம்?" என்றார்கள். நீங்களே சொல்லுங்கள், இந்தக் கேள்வியைக் கேட்டபின் ஒருத்தி எந்த முகத்தோடு அரண்மனையைப் பற்றிப் பேசுவாள்? பேசினேன். பச்சைக்கல் புத்தர், ஆற்றோரத்துக் கோபுரம், தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் எல்லாம் சொன்னேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்குன்னு ஃப்ரீ டைம் எவ்ளோ குடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மூன்று பேரும் பெயர் கொடுத்தார்கள்.

மறுநாள் அவர்களில் ஒருவருடைய மனைவி தனியாக வந்தாள். அதே படங்களை அவளுக்கும் காட்டினேன். ஒவ்வொரு கோயிலின் மேலும் விரலை வைத்து வைத்துக் கேட்டாள். கடைசியில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க வூட்டுக்காரர் மூணு தடவ போய்ட்டு வந்துட்டாரு. அந்த ஊர்ல கோயில் கீதுன்னு இன்னிக்கு நீ சொல்லித்தான்க்கா எனக்குத் தெரியுது."

மூன்று சீட்டும் போயிற்று.

ஐந்தரை டன்

சித்தூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நோட்டீஸ் கொடுக்க நின்றேன். பட்டுச்சேலையில் ஒரு அம்மா நின்று வாங்கிப் பார்த்தார். முழுக்க முழுக்கத் தங்கத்தால் ஆன புத்தர் அங்கே இருக்கிறார், ஐந்தரை டன் எடை என்றேன். வேறு யாராவது இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மா சொன்னது இது: "டன்னுல சொன்னா எனக்கு இன்னா புரியும்? சவரன்ல சொல்லு. செய்கூலி, சேதாரம் எவ்ளோன்னும் சொல்லு."

தண்ணீர் மேல் கடை

குடுபல்லியிலிருந்து ஒருவர் வந்தார். தக்காளி போடுகிறவர். இவருக்குக் காய்கறி பிடிக்கும் என்று நினைத்து, மிதக்கும் சந்தையைக் காட்டினேன். கால்வாய் முழுக்கப் படகுகள். படகில் மாம்பழம், படகில் அடுப்பு, படகிலேயே பேரம்.  படத்தில் இருந்த பெண்களையோ பழங்களையோ அவர் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு போர் போட்டேன்மா. கடைசி போர் ஆயிரம் அடி. வெறும் புழுதிதான் வந்துது. இவங்க தண்ணி மேல குந்திக்கினு யாபாரம் பண்றாங்க. இத நேர்ல பாத்துட்டு வந்து நான் என் நெலத்துல எப்படி நிக்கறது?"

நான் படத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

என் பாஸ்போர்ட்

இதற்கு நடுவில் என் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்துவிட்டு ஆபீசுக்குக் கொண்டுபோனேன். முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். பத்தாவது பாஸ் செய்யாதவர்களுக்கு அப்படி ஒரு வரி போடுவார்களாம். சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். பாங்காக் இருக்கும் நாடும் அதில் ஒன்று. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தொல்லை இல்லை. ஆனால் ஏர்போர்ட் கவுண்டரில் கேள்வி கேட்பார்கள்.

என்னை விடுவார்களா என்று அவரைக் கேட்டேன். "பர்வாலேதக்கா, சுத்திப் பாக்கறதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க" என்று தைரியம் சொன்னவர், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நிஜமா ஏழாவதுதானா? உங்க வாயைப் பாத்து நான் டிகிரின்னு நெனச்சிருந்தேன்."

உண்மை சொன்ன ஒரே நாள்

இருபத்தேழு பேர் சேர்ந்திருந்தார்கள். இருபத்தெட்டாவதாகச் சேர இருந்தவர் சித்தூரில் டிபன் கடை வைத்திருக்கும் அம்மா. மனசு விட்டுப் பேசுகிற மாதிரியான ஆள். எல்லாம் கேட்டு முடித்து, "நீங்க எத்தினி தடவ போயிருக்கீங்க?" என்றார். நான்கு என்று சொல்லியிருக்கலாம். மூன்று என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது பொய் வரவில்லை, "ஒரு தடவை கூட இல்லை" என்றேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே எழுந்தார். "நான் போட்ட இட்லிய நானே துன்னலன்னா எவன்மா என் கடைக்கு வருவான்?"

தெருவுக்குச் சொன்ன பதில்

எப்படியோ நகரியிலிருந்து என் நாத்தனாருக்குத் தெரிந்த ஒரு தம்பதி வந்து இருபத்தொன்பதை நிரப்பினார்கள். என் சீட்டு உறுதியாயிற்று. அன்று நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆனால் தெருவில் செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஒரு பார்வை. பாங்காக் என்ற பெயரைக் கேட்டாலே உதட்டைச் சுழிக்கிறார்கள். பொம்பளை, அதுவும் இந்த வயதில், புருஷன் இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போகிறாளா என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "போய்ட்டு வா, வேணான்னு சொல்லல. யார் கேட்டாலும் வேலையா போறேன்னு சொல்லு. சுத்திப் பாக்கன்னு மட்டும் சொல்லித் தொலையாத."

அந்த ஒரு மாதமும் அப்படியே சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன், நாத்தனாரிடம் சொன்னேன், பஸ் கண்டக்டரிடம் கூடச் சொன்னேன்.

கவுண்டர்

சென்னை ஏர்போர்ட். மத்தியான பிளேன். எங்களோடு வர இருந்த முதலாளி எனக்கு மட்டும் ஆபீஸ் பெயர் போட்ட ஒரு மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார், கூட்டத்தில் எல்லாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ள. இருபத்தொன்பது பேரையும் வரிசையில் முன்னால் அனுப்பினேன். யாரும் தொலைந்துவிடக் கூடாதே என்ற கவலை. கடைசி ஆளாக நான் போய் நின்றேன்.

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தார். "எதுக்கும்மா போறீங்க?"

"வேலையா போறேன் சார்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதுக்கே கேட்டது. அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டி அந்த வரியைப் பார்த்தார். கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தார். "இல்ல சார், சுத்திப் பாக்க, அஞ்சு நாள்தான், திரும்பி வர டிக்கெட் கீது" என்று கொட்டினேன். அவர் பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார். அங்கே இன்னொரு அதிகாரி, வயதானவர். சுற்றிப் பார்க்கவென்றால் அங்கே என்னவெல்லாம் இருக்கிறது, சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். அரண்மனையில் ஆரம்பித்து, படகு, சந்தை, ஏர்போர்ட்டுக்குள்ளேயே பாற்கடல் கடைகிற பெரிய சிலை வரை மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல, ஒரு ஏஜெண்ட் பேசுவது போலவே இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை. அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, வேலைக்கு என்று நானே சொல்லிவிட்டதால் அனுமதிக் கடிதம் இல்லாமல் விட முடியாது என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு தவித்தார். பிறகு மணியைப் பார்த்தார். பிறகு இருபத்தொன்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் செய்ததில் தப்பில்லை.

நான் அழ ஆரம்பித்ததும் அந்த அதிகாரி தண்ணீர் கொடுத்து வயதைக் கேட்டார். நாற்பத்தெட்டு என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்தார்.

"அப்போ ரெண்டே வருஷம்மா. அம்பது தாண்டிட்டா அந்த வரியே கெடையாது, படிச்சவங்க படிக்காதவங்க எல்லாரும் ஒண்ணுதான்."

ஆகையால் சகோதரிகளே, எனக்கு வயதாகி முடியும் வரை, பாங்காக்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் எங்கேயும் போகிறவள் இல்லை.