வேனை நிறுத்திக் காது கொடுத்தவர்

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று பழனி முருகனுக்குப் பால் அபிஷேகம் நேர்ந்திருந்தேன். திண்டுக்கல்லில் பிடித்த வாடகை வேனில் பால் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வேன் ஓட்டியவர் அகதிகள் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழர். நரைத்த புருவம், நெற்றி நிறையத் திருநீறு. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வேனை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சன்னலுக்கு வெளியே தலையைச் சாய்த்தார்.

"என்னண்ணே, ரிப்பேரா? வெயில்ல பாலு திரிஞ்சிரும்."

"ஒரு நிமிசம், அம்மா. ஊரில சண்டை நேரம் நான் பஸ் ஓடினனான். எஞ்சின் சத்தத்தில, குண்டு போட வாற பிளேன் கேக்காது. இடைக்கிடை நிப்பாட்டிக் கேக்கோணும். கேட்டா, சனத்தை இறக்கி மரத்தடிக்கு ஓடச் சொல்லோணும்."

"இங்க எந்தப் பிளேன் வரப்போகுது?"

"வராது எண்டு தெரியும்" என்று சிரித்தார். "அந்தச் சத்தம் இல்லை எண்டுறதைக் கேக்கத்தான் நிப்பாட்டுறன்."

தென்னந்தோப்பில் ஒரு காக்கை கத்தியது. அதையும் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகினார்.

பால் திரியவில்லை. முருகன் புண்ணியத்தில் பேரனும் நல்லபடியாகப் பிறந்துவிட்டான். அவர் நிறுத்தியது பழைய பயத்திலா, இப்போதைய நிம்மதியிலா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தொட்டில் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, பிள்ளை மூச்சு விடுவதைக் காது கொடுத்துக் கேட்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது.