தாசில்தாரை வளர்த்த வேதவல்லி அக்கா

பெருமதிப்பிற்குரிய நினைவு மலர்க் குழுவினருக்கும், நம் நிலப் பாதுகாப்புக் குழுவின் அன்பர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். தாங்கள் குறித்த நாள் கடந்தபின் இக்கட்டுரையை அனுப்புகிறேன். அச்சகத்தாரைக் காக்கவைத்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன். காரணங்களை அடுக்கி நியாயம் தேட விரும்பவில்லை.

வேதவல்லி அக்கா மறைந்த செய்தி, கூத்தாநல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நாசர் வாயிலாக எனக்கு வந்தது. நான் அப்போது சம்பா நாற்றங்காலில் நின்றிருந்தேன். மருந்து வாங்க வந்த நம் ராசேந்திரனுக்குக் கடையில் இருக்கும்போதே தொலைபேசியில் தகவல் வந்ததாகவும், அவன் மருந்தை மேசைமேலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டதாகவும் நாசர் சொன்னார். நெஞ்சடைப்பு. காலையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துவைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழவில்லை. செய்தியைச் சொல்லி முடித்தபின் நாசர் கேட்டார்: "இந்த மருந்த இனிமே யாருகிட்டங்க குடுக்கறது?"

அம்மருந்து அக்காவுக்கு உரியதன்று. தாசில்தாருக்கு உரியது. வெளியூர் வாசகர்களின் பொருட்டு விளக்குகிறேன்: தாசில்தார் என்பது அக்கா வளர்க்கும் நாயின் பெயர்.

அக்காவின் கணவர் இளம் வயதிலேயே காலமானார். மகள் சென்னைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கோரையாற்றுப் பாசனத்தில் உள்ள தம் நஞ்சையை அக்கா தாமே நின்று பயிரிட்டுவந்தார். எண்ணெய்க் குழாய் அந்த வயலின் நட்டநடுவே பதிக்கப்பட்டது. குழாய் சென்ற தடத்தில் அதன்பின் நெல் தூர்கட்டவில்லை. குழாயை அகற்ற வேண்டும், நிலத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. அக்காலத்தில்தான் அந்த நாய்க்குட்டி அவரிடம் வந்து சேர்ந்தது. பகல் முழுவதும் அசையாமல் கிடக்கும். சோற்றுச் சட்டியின் ஓசை கேட்டால் மட்டும் தலையைத் தூக்கும். "மனு குடுக்கப் போனா அங்கயும் இப்புடித்தான் இருக்காங்க" என்று சொல்லி அக்கா அதற்கு அப்பெயரைச் சூட்டினார். "தாசில்தார், தள்ளிப் படு", "தாசில்தார், வாய மூடு" என்று நாள்தோறும் ஆணையிடுவதில் அவருக்கு இருந்த இன்பம் சொல்லில் அடங்காது. ஒருமுறை வயலை அளக்க வந்த வருவாய் ஆய்வாளர், தம் மேலதிகாரியைத்தான் யாரோ வைகிறார்கள் என்றெண்ணி, சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்ததை நானே கண்டேன்.

தாசில்தாருக்கு நடுவயது கடந்தபின் சில மாற்றங்கள் தோன்றின. மாட்டுத் தொட்டியில் வாயை வைத்தால் எடுப்பதில்லை. வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்யாதவன், படுத்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கலானான். கால்கள் மெலிந்தன, வயிறு மட்டும் பானைபோல் இறங்கிற்று. பதவி உயர்வு வந்துவிட்டதென்று தெருவில் கேலி பேசினார்கள். அடுத்து விலாவின் இருபுறமும் முடி உதிர்ந்து, தோல் காகிதம்போல் மெலிந்து கறுத்தபோது கேலி நின்றுபோயிற்று.

அப்போது ஊரில் எவரும் இரண்டாவது காரணம் ஒன்றைத் தேடவில்லை. குழாய்த் தடத்தை அடுத்த ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் மினுங்குவதை எல்லாரும் கண்டிருந்தோம். குழந்தைக்குச் சொறி வந்தாலும், மாடு சினை பிடிக்காவிட்டாலும் அந்நீரையே குற்றம் சொன்னோம். நாயின் முடி உதிர்ந்தது கண்கூடான சான்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆளும் கட்சிக்காரர் வந்து நாயைப் பார்த்துச் சென்றார். மறுநாளே எதிர்க்கட்சிக்காரர் வந்து நாயைத் தடவிக்கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார். ஆட்சி மாறியபின் அவ்விருவரும் தத்தம் பேச்சை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டது வேறு கதை. கோட்டாட்சியர் முன்னிலையில் நடக்கவிருந்த பேச்சுவார்த்தைக்கு நாயையும் அழைத்துச் செல்வதென்று நம் குழு முடிவு செய்தது. மனுவை வரையும் பொறுப்பு வழக்கம்போல் என்னைச் சேர்ந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கட்சிப் படிப்பகத்து நாளேடுகளை வாசித்தே எழுத்தைக் கற்றவள் நான். 'வாயற்ற உயிரொன்று தன் மேனியையே மனுவாக ஏந்தித் தங்கள் திருமுன் நிற்கிறது' என்று தொடங்கும் பத்தி ஒன்றை எழுதினேன். அப்பத்தி நன்றாக அமைந்திருந்தது என்பதை இன்றும் சொல்வேன்.

சான்றுக்கு மருத்துவர் கையொப்பமும் இருந்தால் வலுவாகும் என்று ராசேந்திரன் யோசனை சொன்னான். ஆகவே அக்காவும் நானும் தாசில்தாரைச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, தஞ்சைப் பக்கத்துக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றோம். நீரால் வந்த கேடு என்று எழுதி வாங்குவதே எங்கள் நோக்கம். முறை வந்தபோது பணியாளர் வெளியே வந்து, "தாசில்தார் யாருங்க?" என்று அழைத்தார். பசுவோடு காத்திருந்த பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

எங்களைக் கவனித்தவர் இளம்பெண் மருத்துவர். அரிப்புக்கென்று யாரேனும் அடிக்கடி ஊசி போட்டார்களா என்று முதலில் கேட்டார். இல்லையென்றோம். காலையில் இரத்தம் எடுத்தார். ஒரு மருந்தைச் செலுத்தியபின் பகலிலும் மாலையிலும் மீண்டும் எடுத்தார். வயிற்றை ஸ்கேன் செய்தார். சில நாட்கள் கழித்து முடிவைக் கேட்கச் சென்றபோது நோயின் பெயரைச் சொன்னார்: குஷிங். மூளைக்கு அடியில் உள்ள சிறு சுரப்பி ஒன்றில் கட்டி வந்திருக்கிறது. அது சிறுநீரகத்தை ஒட்டிய சுரப்பிகளை ஓயாமல் ஏவுகிறது. அவை ஊற்றும் சுரப்புநீரே இத்தனைக்கும் காரணம் என்று படம் வரைந்து விளக்கினார். குடித்த தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்த அக்கா, சான்றிதழைப் பற்றி வாய் திறக்கவில்லை. "இவனுக்கு வலி இருக்கா டாக்டர்?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

"வலி பெருசா இருக்காதுங்கம்மா. ஆனா எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்காது. எவ்வளவு தின்னாலும் பசி அடங்காது."

அக்கா நாயின் தலைமேல் வைத்த கையை எடுக்காமலே அமர்ந்திருந்தார். மருத்துவர் வழிகளை எடுத்துரைத்தார். ஒன்றும் செய்யாமல், புண் வந்தால் மட்டும் ஆற்றிக்கொண்டு, இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். அல்லது ஆயுள் முழுவதும் நாள்தோறும் ஒரு மாத்திரை கொடுக்கலாம். அது நோயை அடக்குமேயன்றி அகற்றாது. இங்கே எளிதில் கிடைப்பதுமில்லை. அவ்வப்போது இரத்தம் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் நாய் சுருண்டுவிடும். இன்றே தொடங்க வேண்டிய அவசரமில்லை என்றும், மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது என்றும் சொன்னார். அவருடைய நாயாக இருந்தால் என்ன செய்வார் என்று அக்கா கேட்டார். "குடுப்பேங்கம்மா. ஆனா அது சோத்தத் தொடலைன்னா, அன்னைக்கே நிறுத்திட்டு என்னைக் கூப்பிடணும்" என்றார் மருத்துவர்.

அன்று மாலை நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குழு கூடிற்று. மருந்து கொடுத்தால் சில மாதங்களில் முடி முளைத்துவிடும் என்று அக்கா சொல்லக் கேட்டதும் ராசேந்திரன் எழுந்தான். அவசரமில்லை என்று மருத்துவரே சொல்லியிருக்கும்போது, பேச்சுவார்த்தை முடியும்வரை மருந்தைத் தொடங்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டான். பலரும் தலையசைத்தனர். "நான் என்ன எனக்காகவா சொல்றேன்? உங்க நெலத்துக்காகத்தானக்கா சொல்றேன்" என்றான். அது உண்மையே. அங்கிருந்தவர்களில் குழாய் நேரே வயலைக் கிழித்துச் சென்றது அக்காவுக்கு மட்டுந்தான்.

அக்காவின் மறுமொழியைச் சொல் மாறாமல் தருகிறேன்.

"தெரியுதுடா ராசேந்திரா. ஆனா வாய்தா என்னைக்குக் குறிச்ச நாள்ல நடந்துருக்கு? அவங்க தள்ளிப்போடப் போட, இவன் தவிச்சுக்கிட்டே கெடக்கணுமா? என் நெலத்துக்கு இவன் தவிக்க வேண்டாம். இன்னொண்ணும் கேட்டுக்க. நம்ம தண்ணியில எண்ணெ மெதக்குது, அது நெசம். நாய அது பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துனா, அவங்க ஒரு டாக்டரக் கூட்டிட்டு வருவாங்க. நாயோட சேத்து நம்ம தண்ணியும் பொய்யாயிடும்."

எவரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அந்தப் பத்திய எடுத்துரு. வருத்தமாத்தான் இருக்கும், நல்லாத்தான் எழுதிருந்த" என்றார். எடுத்துவிட்டேன்.

மாத்திரையை நாசர் சென்னையிலிருந்து தருவித்தார். அங்கே கிடைக்காத வேளைகளில் வளைகுடாவிலுள்ள அவர் தம்பி வாங்கி அனுப்பினார். தொடங்கிய சில வாரங்களில் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் மீந்தது. அக்கா அத்தொட்டியை எனக்குக் காட்டுவதற்கென்றே வயலிலிருந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் கணித்தபடியே பேச்சுவார்த்தை இருமுறை தள்ளிப்போயிற்று. கடைசியில் அது நடந்த நாளன்று காலையில், தாசில்தார் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறந்தது முதல் ஒரு பருக்கை விடாத நாய். எல்லாரும் வேனில் ஏறி அமர்ந்திருந்தோம். அக்கா மாத்திரையை நிறுத்தி, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். உடனே கொண்டுவரச் சொன்னார்கள். அக்கா பல ஆண்டுகள் காத்திருந்த நாள் அது. ஆழ்துளைக் கிணற்று நீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டியை அவர் வேனின் சன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "நீ பேசு. என்னைய விட நீதான் வாய் கிழியப் பேசுவ" என்று சொல்லிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு சரக்கு வண்டியில் ஏறினார். வேனிலிருந்து இறங்கி அவருடன் சென்றவன் ராசேந்திரன்.

நான் பேசினேன். எதிர்த்தரப்பான எண்ணெய் நிறுவனத்தின் அதிகாரி, செய்தித்தாளில் படம் வந்த நாய் எங்கே என்று நகைத்தவாறு வினவினார். நாய்க்கு வேறு நோய், அது மருத்துவமனையில் இருக்கிறது, நாங்கள் கொண்டுவந்திருப்பது நீர் மட்டுமே என்றேன். கோட்டாட்சியர் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கிணற்றில் மாதிரி எடுத்து முத்திரையிட்டு ஆய்வுக்கு அனுப்பவும், முடிவு வரும்வரை எண்ணெய்க் குழாயை மூடிவைக்கவும் உத்தரவிட்டார். குழாய் இன்றும் மூடியே கிடக்கிறது. எனினும் அது அகற்றப்படவில்லை. தடத்தில் நெல் விளையவுமில்லை. கிடைத்தது பாதிதான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அக்கா மனம் சுணங்கி நான் பார்த்ததில்லை.

தாசில்தாருக்கு உப்புநீர் ஏற்றி, மாத்திரையின் அளவைக் குறைத்து அனுப்பினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் முடி முளைத்தது. கறுப்பாக இருந்தவனுக்கு விலாவில் மட்டும் செம்பட்டையாக முளைத்து நின்றது. பழைய தாசில்தாருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, இவர் புதிதாகப் பொறுப்பேற்றவர் என்று அக்கா தெருவெல்லாம் அறிவித்துவந்தார். அதன்பின் நாசர் கடைக்கு மோட்டார் சைக்கிளில் சென்று மருந்து வாங்கி வரும் பொறுப்பை ராசேந்திரன் தானாகவே ஏற்றுக்கொண்டான்.

அன்பர்களே, அக்காவின் துணிவைப் பற்றித் தாங்கள் பலரும் இம்மலரில் எழுதுவீர்கள். நான் கண்ட துணிவு இதுவே: தமக்குப் பயன்படக்கூடிய ஒரு பொய் தானாக வந்து வாசலில் படுத்திருந்தபோது, அதற்கு மருந்து கொடுத்துக் குணமாக்கினார். அவரிடமிருந்து எனக்கு எஞ்சியவை இரண்டு. முதலாவது, எவர் துன்பத்தோடு எதிரே வந்தாலும், அது நமக்கு எதற்கு உதவும் என்று எண்ணுமுன் வலி இருக்கிறதா என்று கேட்பது. இரண்டாவது, தாசில்தார். மகளின் அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு இடமில்லை. ஆகவே அவன் இப்போது என் வீட்டில் இருக்கிறான். நன்றாகவே இருக்கிறான். என் ஆணைகளுக்குத்தான் இன்னும் பணிவதில்லை.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. மாத்திரையின் உறையைப் பிரிக்கக் கூடாது; முழுதாக விழுங்க வேண்டும். இட்லி, வாழைப்பழம், கருவாடு, வெல்லம் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். உணவைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் என் காலடியில் துப்பிவிடுகிறான். ஓரிரு நாள் தவறினால் கேடில்லை, தொடர்ந்து தவறவிடக் கூடாது என்கிறார் மருத்துவர். நேற்று மாட்டுத் தொட்டியில் வெகுநேரம் நின்று குடித்தான். அக்கா மாத்திரையை எதில் வைத்துக் கொடுத்தார் என்பது ராசேந்திரனுக்கும் தெரியவில்லை. தங்களில் எவரேனும் பார்த்திருந்தால் மலர் வெளிவரும்வரை காத்திராமல் உடனே பதில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.