மெல்லும் பிள்ளைகளின் கட்சி

வாயில் போட்டதை அவர் உடனே விழுங்க மாட்டார். மசித்த வாழைப்பழத்தில் ஒரு சிட்டிகை குருணையைக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு, அடம்பிடிக்கும் குழந்தையைப் போல மென்று பார்ப்பார். மருந்து சேர்க்காத வெறும் குருணைதான். ஒன்றே ஒன்று பல்லில் அகப்பட்டு உடைந்தாலும் போதும், முகம் கோணிவிடும். துப்பிவிட்டு நோட்டில் எழுதுவார். மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘நறநற அக்கா’. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்கிறோம் என்பது அவர்கள் நினைப்பு. அக்காவுக்கோ பாம்புச் செவி.

பதினோரு வருடமாக இதே வேலை. மாத்திரை விழுங்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மருந்தைக் கடுகைவிடச் சிறிய குருணையாக்கி, ஒவ்வொன்றுக்கும் மேல்பூச்சு போட வேண்டும். வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகே பூச்சு கரைய வேண்டும். பல்லில் பட்டு உடைந்தால் மருந்து வயிற்றிலேயே வீண். வேளை தவறாமல் கொடுத்த தாய்க்கு அது தெரியாது. பிள்ளை ஏன் தேறவில்லை என்று தன்னையே நொந்துகொள்வாள். அதை நினைத்தால்தான் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“பிள்ளைன்னா மெல்லத்தான் செய்யும். அதைத் திருத்த நாம யாரு? குருணையைத் திருத்துங்க.”

வீட்டில் தங்கை மகள், நான்கு வயது, எதைக் கொடுத்தாலும் மென்று துப்புவாள். தங்கை கையை ஓங்கினால் அக்கா குறுக்கே வந்து நிற்பார். இவள்தான் தன் மேலதிகாரி என்பார்.

போன வாரம் நிஜ மேலாளர் கூப்பிட்டனுப்பினார். சின்னக் குருணை எந்திரத்தில் ஒட்டிக்கொள்கிறதாம், வேலை இழுத்துக்கொண்டே போகிறதாம். அதனால் கொஞ்சம் பெரிதாகவே செய்து முடித்துவிட்டார்கள். அக்கா ஏற்றுக் கையெழுத்திட்டால் சரி. பல்லில் அகப்படுமே என்றால், டப்பாவில் ‘மெல்லக் கூடாது’ என்று அச்சடித்துவிட்டால் தீர்ந்தது என்றார்.

“எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கா சார் அச்சடிக்கிறீங்க?”

மேலாளர் இழுப்பறையைத் திறந்து, பேக்கிங் பிரிவினர் அணியும் நீலத் தொப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கையெழுத்து இல்லையென்றால் நாளை முதல் அங்கேதான் வேலை என்றார். பதினோரு வருடம் என்றால் சும்மாவா? ஆனால் நிராகரித்து அவர் கையெழுத்திட்டுவிட்டால், அவருக்குப் பின் அந்த இடத்துக்கு யார் வந்தாலும் குருணையை முதலிலிருந்து செய்துதான் ஆக வேண்டும். அந்த விதி இருவருக்குமே தெரியும்.

அக்கா தொப்பியை எடுத்தார். கொண்டையை உள்ளே தள்ளி, காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து, ‘நிராகரிப்பு’ என்ற கட்டத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.